எண்ணியபோது ரோட்டில் யாரும் இல்லை

பதுளைப் பக்கம் வாகனம் ஓட்டுகிற யாருக்கும் என் அம்மாவைத் தெரியாது. ஆனாலும் அவரை நினைக்காமல் ஒரு நாளும் அவர்கள் வீடு போய்ச் சேர்ந்ததில்லை. நான் ரோட்டில் வேகத்தடை போட்டவன். அதில் ஏறிக் குதிக்கிற டிரைவர், "இதப் போட்டவனோட ஆத்தா..." என்று ஆரம்பிப்பார். மிச்சத்தை இந்தச் சங்க மலரில் அச்சடிக்க மாட்டார்கள். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்து, யாரிடமும் ஒரு சொல் கேட்காமல் வாழ்ந்து முடித்தவர். மகன் சபையில் வேலைக்குச் சேர்ந்தது அவருக்குப் பெருமை. அதன் பலன் என்னவென்று அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

நான் பிரதேச சபையில் முப்பத்து மூன்று வருஷம் இருந்தேன். கடைசியில் வேலைப் பகுதி ஓவசியர். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. இப்போது என் வேலையை ரப்பர் செய்கிறது. மஞ்சளும் கறுப்புமாகத் துண்டு துண்டாக வருகிறதாம், ரோட்டில் துளை போட்டு ஆணி முடுக்கினால் அரை நாளில் வேகத்தடை தயார். போன மாதம் சபைக் கந்தோரிலிருந்து புதிய தொழில்நுட்ப அதிகாரி சுகன்யா பேசினார். நலன்புரிச் சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். "பூட்டுறது லேசு சேர். எங்க பூட்டுறதுன்னுதான் ஒவ்வொரு தடவையும் சண்டை. நீங்க எப்படி இடம் தெரிவு செஞ்சீங்கன்னு எழுதித் தாங்க" என்றார்.

சரியான இடத்தைப் பற்றி எழுத வேறு ஆள் பாருங்கள், பிழையான இடம் என்றால் எனக்கு நல்ல அனுபவம் என்றேன். அதையே எழுதுங்கள் என்று விட்டார். சிரித்த மாதிரியும் இருந்தது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதலில் கல் உடைத்தேன், பிறகு தார் காய்ச்சினேன், பிறகு ஒரு சோதனை எழுதி மற்றவர்கள் தார் காய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிற்பதற்குத்தான் சம்பளம் கூட. பொறுப்பாகக் கொடுத்த முதல் வேலை ஹல்துமுல்லைப் பக்கம் ஒடுங்கிய சபை ரோட்டொன்றில் 'மெதுவாகச் செல்க' என்று வெள்ளையில் எழுதுவது. சரியான இறக்கம். நான் கீழே நின்று, மேலே பார்த்து, வாசிக்க வசதியாக அழகாக எழுதினேன். இறங்கி வருகிறவர்களுக்கு அது தலைகீழாகத் தெரியும் என்பது பெயின்ட் காய்ந்த பிறகுதான் உறைத்தது. ஏறி வருகிறவர்களுக்கு மட்டும் எழுத்து முத்து முத்தாகத் தெரிந்தது. அடுத்த வாரம் பெரகல சந்தியில் தேத்தண்ணி குடிக்கும்போது, மரக்கறி லொறி டிரைவர் ஒருவர் என்னை இனங்கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, அந்த ஏத்தத்துல நாங்க மொத கியர்ல நடக்கிறவனுக்குப் பின்னால போறோம். இதவிட மெதுவாப் போகணும்னா நிப்பாட்டிட்டு ஊட்டுக்குத்தான் போகணும்."

அந்த எழுத்தை அழித்துத் திருப்பி எழுத வைத்தவர் ரத்நாயக்க மாத்தயா. அப்போது எங்கள் தொழில்நுட்ப அதிகாரி. ஒல்லியான மனிதர், வெயிலென்றாலும் மழையென்றாலும் கையில் குடை. தமிழைப் பதுளைக் கடைத்தெருவில் கற்றுக்கொண்டவர். எல்லோரையும் 'நீங்க' என்பார், ரோட்டில் படுத்திருக்கும் நாயையும் 'கொஞ்சம் எழும்புங்க' என்பார். யாரையும் சத்தம் போட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும், அவ்வளவுதான். சாதாரண நாளில் நான் 'செபா'. ஏதாவது பிழைத்திருந்தால் 'மிஸ்டர் செபஸ்தியான்'. அந்த 'மிஸ்டர்' காதில் விழுந்தால் இன்றைக்கும் நான் எழும்பி நின்றுவிடுவேன்.

வேகத்தடையைச் சோதிக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. ஜீப்பின் முன் சீட்டில், கையில் ஒரு கிளாஸ் பிளேன்டியோடு உட்காருவார். விளிம்பிலிருந்து ஒரு விரல் குறைவாக ஊற்றியிருக்க வேண்டும். முதலில் மெதுவாக ஏறி இறங்கச் சொல்வார். தேத்தண்ணி சிந்தக்கூடாது. பிறகு அதே மேட்டில் வேகமாகப் போகச் சொல்வார். இப்போது கட்டாயம் சிந்த வேண்டும். "மெதுவாப் போறவனுக்கும் சிந்தினா அது தண்டனை. வேகமாப் போறவனுக்கும் சிந்தாட்டி அது அலங்காரம்" என்பார். இரண்டாவது ஓட்டத்தில் தேத்தண்ணி காற்சட்டையில் விழுந்தால் அவர் முகத்தில் ஒரு திருப்தி வரும். நான் போட்ட முதல் மேட்டில் முதல் ஓட்டத்திலேயே கிளாஸ் காலியானது. அன்று நான் மிஸ்டர்.

இடம் தெரிவு செய்ய ஒரு ஒழுங்கு உண்டு. மனு வரும், இலக்கம் போடுவார்கள், அது என் மேசைக்கு வரும். நான் போய் ரோட்டின் வளைவு, சரிவு, தண்ணி ஓடுகிற கான் எல்லாம் வரைந்து, காலையில் ஒரு மணித்தியாலமும் பின்னேரம் ஒரு மணித்தியாலமும் நின்று, எத்தனை வாகனம் போகிறது, எத்தனை பேர் ரோட்டைக் கடக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். படிவத்தின் அடியில் 'அவசியம் / அவசியமில்லை' என்று இருக்கும். ஒன்றை வெட்ட வேண்டும். அதிகாரம் என்று என் கையில் இருந்தது அந்த ஒரு கோடுதான்.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து அப்படியொரு மனு வந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். சபை ரோட்டொன்று அந்தத் தோட்டத்தை ஊடறுத்து அப்பால் இருக்கிற கிராமத்துக்குப் போகிறது. புதிதாகத் தார் போட்டிருந்தோம். எங்கள் தார்தான் பிரச்சினை. குண்டும் குழியுமாக இருந்தவரை ஊர்ந்த வேன்கள் இப்போது பறந்தன. மனுவில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கையெழுத்து வைத்திருந்தார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால், வளைவு முடிகிற இடத்தில், ஒரு மேடு வேண்டும். கொண்டுவந்து கொடுத்தவர் ஞானம்மா. நாற்பது வயதிருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. என் மேசைக்கு முன்னால் நின்று, யாராவது அடிபடுறதுக்குள்ள வந்து பாருங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் போனேன். காலை ஏழரையிலிருந்து எட்டரை. பின்னேரம் ஒன்றரையிலிருந்து இரண்டரை. படிவத்தில் அச்சடித்திருந்த நேரம் அதுதான். கந்தோர், பள்ளிக்கூடம் போகிற நேரமும் பள்ளிக்கூடம் விடுகிற நேரமும். மடுவத்துக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து எண்ணினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலர் ஓரமாகவே போனார்கள். ஒரு பூசாரி கடந்தார். ஒரு நாய் கடந்து, யோசித்து, திரும்பியும் கடந்தது. நாயை எண்ணுவதா என்று எனக்குச் சந்தேகம் வந்து, எண்ணவில்லை. அவ்வளவு கவனமான ஆள் நான். 'அவசியம்' என்ற சொல்லை அளவுகோல் வைத்து நேராக வெட்டி, கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து ஞானம்மா கந்தோருக்கு வந்தார். அவருடைய தங்கச்சி ரீட்டா மடுவத்துக்குக் கொழுந்து கொண்டு போகும்போது, வளைவில் வந்த வேனின் பக்கக் கண்ணாடி கூடையில் மாட்டி இழுத்திருக்கிறது. கூடைக் கயிறு தலையில். கூடையோடு ஆளும் போய் விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்து பெரியாஸ்பத்திரியில் இருந்தார். இதை ஞானம்மா சத்தம் போடாமல் சொன்னார். சபையிலிருந்து போன 'அவசியமில்லை' கடிதம் கையில் மடிந்திருந்தது.

"ஐயா எத்தனை மணிக்கு எண்ணுனீங்க?"

சொன்னேன். நாயை விட்டதையும் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"ஏழரைக்கு நாங்க மலையில நிப்போமுங்க. ஒன்றரைக்கும் மலையிலதான். நிறுவை பத்து மணிக்கு, பன்னெண்டுக்கு, அப்புறம் நாலரைக்கு. அப்பத்தான் ரோட்டத் தாண்டுவோம்." கடிதத்தை மேசையில் வைத்து, "ஐயாவுக்குத் தோட்டத்து வழக்கம் தெரியாது போல" என்றார்.

அங்கேதான் அடி விழுந்தது. தெரியாதவன் என்றால் மன்னிக்கலாம். நான் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். பத்து மணி நிறுவைக்கு அம்மா கூடையோடு இறங்கி வருவதைப் பள்ளிக்கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தவன். எனக்குத் தெரியும். படிவம் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இத்தனை வருஷச் சேவையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் எப்போது கழன்று விழுந்ததென்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த நாள் பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். நிறுவைக்கு மணி அடித்தார்கள். மலையிலிருந்து பெண்கள் இறங்க ஆரம்பித்தார்கள். குறுக்குப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக, நிரம்பிய கூடையோடு, நேரே ரோட்டுக்கு. நான் ஆளுக்கொரு கோடாகப் படிவத்தில் போட்டு, ஒரு பக்கம் நிரம்பி, மறுபக்கம் திருப்பினேன். கூடை மாட்டி ஒருவர் நடுவழியில் நின்றுவிட, பின்னால் வரிசை முட்டியது. பாதை ரோட்டில் சேருகிற வாயிலேயே என் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தேன்.

"யாரு வண்டி இது? மேடு போட மாட்டாங்களாம், வண்டியக் கொண்டாந்து குறுக்கால போட்டிருக்காங்க" என்றது ஒரு குரல். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டு வந்தேன். அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கடந்துவிட்டார்கள், அவர்கள் கணக்கில் இல்லை.

ரோட்டோரத்தில் நான் கவனித்தது வேறொன்று. ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. ஏன் இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கக்கூடாது என்று ஞானம்மாவிடம் கேட்டேன். இதையேதான் போலீஸ் ஐயாவும் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாராம். ஞானம்மா தன் கூடையை இறக்கி, கயிற்றை என் தலையில் மாட்டினார். கூடை முதுகில் இழுத்தது, கழுத்து பூட்டினதுபோல் நின்றுவிட்டது. கண்ணை உருட்டலாம், தலை திரும்பாது. வேன் வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால் கூடையோடு முழு ஆளும் திரும்ப வேண்டும். நான் திரும்பினேன். கூடை பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையின் இடுப்பில் மோதி, அவர் கொப்பியோடு கானுக்குள் இறங்கினார். பெண்கள் அவ்வளவு நேரம் என் மேல் வைத்திருந்த கோபத்தை அந்த இடத்தில் கொஞ்சம் மறந்தார்கள்.

கந்தோருக்கு வந்து மாத்தயாவிடம் நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார். 'மிஸ்டர்' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"ரெண்டு வழி இருக்கு செபா. புது மனு ஒண்ணு போடச் சொல்லலாம். அது சுத்தி வர நாலு மாசம், அஞ்சு மாசம். உங்க ஃபைல் சுத்தமா இருக்கும். இல்லாட்டி உங்க ரிப்போர்ட்டைப் பிழைன்னு நீங்களே எழுதித் தரலாம். இந்த மாசக் கூட்டத்துக்கே வைப்பேன். ஆனா அந்தக் கடிதம் உங்க ஃபைல்லதான் இருக்கும்."

எனக்கு அடுத்த தரத்துக்கான நேர்முகப் பரீட்சை பக்கத்தில் இருந்தது. அவருக்கும் தெரியும். அவர் குடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பெரிய மனிதன்போல் உடனே எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் தேத்தண்ணிக் கடைக்குப் போய் இரண்டு வடை தின்றேன். நாலு மாசத்தில் நாளுக்கு மூன்று நிறுவை. எத்தனை தடவை கடப்பார்கள் என்று பெருக்கிப் பார்க்க ஆரம்பித்து, மூன்றாவது வடை இறங்கவில்லை.

திரும்பி வந்து எழுதினேன். 'புதிய தகவல்கள் கிடைக்கப்பெற்றமையால்' என்று தொடங்கினேன். மாத்தயா வாசித்துவிட்டு, புதிய தகவலா, நிறுவை நேரத்தை நேற்றா மாற்றினார்கள் என்று கேட்டார். வெட்டினார். இரண்டாவதாக, 'மீள்பரிசீலனையின்போது அவதானிக்கப்பட்டதாவது' என்று எழுதினேன். யார் அவதானித்தது என்று கேட்டார். அதையும் வெட்டினார். மூன்றாவது தாளில், 'பெண்கள் ரோட்டைக் கடக்காத நேரத்தில் போய் நான் எண்ணினேன். என் அறிக்கை பிழை. வேகத்தடை அவசியம்' என்று எழுதி நீட்டினேன். அவர் ஒரு எழுத்தும் மாற்றாமல் தன் கையெழுத்தையும் அதன் கீழே போட்டார். அவர் போட வேண்டிய தேவை இருக்கவில்லை. நேர்முகப் பரீட்சையில் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் எடுத்தார்கள். தரம் ஒரு வருஷம் தள்ளிப் போனது. பெரிய நட்டம் என்று சொல்ல முடியாது. அந்த ஒரு வருஷமும் நான் செய்த வேலை அதேதான்.

கூட்டத்தில் அனுமதி கிடைத்து மேட்டைப் போட்டோம். வளைவான அச்சுப் பலகை வைத்து, சல்லியும் தாருமாக, இரு ஓரத்திலும் மழைத்தண்ணி ஓட ஒரு சாண் இடம் விட்டு. எங்கள் பக்கத்து மழைக்கு அந்த ஒரு சாண் விடாவிட்டால் ஒரே மாதத்தில் மேடு கானுக்குள் போய்விடும். வேலை நடக்கும்போதே பத்து மணி நிறுவை வந்துவிட்டது. இறங்கி வந்த பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா இத்தனை கையெழுத்து?" என்றார் ஒருவர்.

மாத்தயா தேத்தண்ணிக் கிளாஸோடு வந்து சோதித்தார். இரண்டாவது ஓட்டத்தில் காற்சட்டை நனைந்தது. அன்றைக்கு நாலரை நிறுவைக்கு நானும் நின்றேன். வளைவில் வேகமாக வந்த வேன் ஒன்று மேட்டைக் கண்டு முனகிக்கொண்டு ஊர்ந்தது. டிரைவர் ஜன்னலால் எட்டிப் பார்த்து என் அம்மாவை நினைத்தார். பெண்கள் அதற்கு முன்னால் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் காரியம் முடிந்ததென்று கந்தோருக்கு வந்து கோப்பைக் கட்டி அலுமாரிக்குள் வைத்தேன்.

முடியவில்லை. மேடு போட்டு இரண்டு மாதத்தில் அந்த மலையைக் கவ்வாத்து வெட்டினார்கள். செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் மாதக்கணக்கில் அங்கே கொழுந்து இல்லை. கொழுந்து இல்லாத மலைக்கு நிறுவையும் இல்லை. பெண்கள் வேறு மலைக்குப் போனார்கள், நிறுவை வேறு மடுவத்துக்கு மாறியது, ரோட்டை வேறு இடத்தில் கடந்தார்கள். என் மேடு ஆளில்லாத இடத்தில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு தனியாகக் கிடந்தது. சபைக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, நாய்கூடக் கடக்காத இடத்தில் இதை யார் போட்டது என்று கேட்டார். அந்த நாயைப் பற்றி அவருக்கு எப்படித் தெரிந்ததோ. கவ்வாத்து எப்போது, அடுத்து எந்த மலை என்று நான் கணக்கப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அவரைக் கானுக்குள் தள்ளிய பிறகு அவரிடம் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த வாரமே ஞானம்மா வந்தார். கூடவே ரீட்டா. தோள் இன்னும் கூடை தாங்காததால் அவரை மடுவத்தில் லேசான வேலைக்குப் போட்டிருந்தார்கள். இந்த முறை மனு இரண்டு இடத்துக்கு, அடுத்த கவ்வாத்து வரை நிறுவை நடக்கப்போகும் இரண்டு மடுவங்களுக்கு. பழைய மேடு அப்படியே இருக்கட்டும், செடி தளிர்த்தால் திரும்பி அங்கேதான் வருவோம் என்றார் ஞானம்மா. சரி, அடுத்த வாரம் வந்து எண்ணுகிறேன் என்று டயரியைத் திறந்தேன்.

அக்காவும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரீட்டா பையிலிருந்து பள்ளிக்கூடத்துக் கொப்பித் தாள்கள் நாலைந்தை எடுத்து மேசையில் வைத்தார். என் படிவத்தில் இருக்கிற அதே கட்டங்கள், அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருந்தது. மூன்று நாள், இரண்டு மடுவம், மூன்று நிறுவை நேரம். கடந்தவர்கள் ஒரு வரிசை, வேன் ஒரு வரிசை, லொறி ஒரு வரிசை, வேகமாக வந்தது தனியாக ஒரு வரிசை. என் படிவத்தில் அந்தக் கடைசி வரிசை கிடையாது.

"ஐயா வந்து எண்ணுனா மறுபடியும் பிழைச்சிரும்னு நாங்களே எண்ணிட்டோம்" என்றார் ரீட்டா. "அன்னைக்கு ஐயா எழுதுனதப் பாத்து வெச்சுக்கிட்டா அக்கா. கோவிச்சுக்காதீங்க."

நான் வாசித்தேன். கூட்டிப் பார்த்தேன். ஒரு நாள் போய் நின்று, ரகசியமாக, பத்து மணி நிறுவையை மட்டும் ஒப்பிட்டும் பார்த்தேன். சரியாக இருந்தது. மேடுகள் இரண்டும் இப்போதும் அங்கே இருக்கின்றன, ரீட்டாவும் கூடை போடுகிறார். அன்று ரீட்டா வைத்த கடைசித் தாளின் அடியில் 'அவசியம்' என்று மட்டும் எழுதியிருந்தது. வெட்டுவதற்கு எனக்கு வேறு சொல் வைத்திருக்கவில்லை. அதன் கீழே ஒரு கோடு, பக்கத்தில் 'ஓவசியர் ஐயா கையொப்பம்' என்று பென்சிலில். கையெழுத்துப் போட்டேன்.